பாகூர்ப் பக்கத்து வீட்டுக்கு எந்த நெட்?

புதுச்சேரி நகரத்துக்குள், முத்தியால்பேட்டையிலோ லாஸ்பேட்டையிலோ, வீட்டுக்கு நெட் வேண்டுமென்றால் ஒரு போன் போட்டால் போதும். பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு கொம்யூன்களின் கிராமங்களில் நிலைமை வேறு. விளம்பரத்தில் பார்த்த பிளான் நம் தெருவில் கிடைக்காது. கிடைக்கிற பிளான் ஐப்பசி மழையில் தாக்குப்பிடிக்குமா என்று விற்க வருபவர் சொல்ல மாட்டார். பணம் கட்டிப் பெட்டியை மாட்டிவிட்டால் ஆறு மாதமோ ஒரு வருடமோ அதோடுதான் காலம் தள்ள வேண்டும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் மருமகளும், வெளிநாட்டு மகனோடு வீடியோவில் பேசக் காத்திருக்கும் பெற்றோரும் அந்த ஒரு முடிவை நம்பித்தான் இருக்கிறார்கள். ஆகவே வேகத்தையும் விலையையும் கடைசியில் பாருங்கள் என்பது என் வேண்டுகோள். லைன் எந்த வழியாக வீட்டுக்கு வருகிறது, அறுந்தால் யார் வந்து சரிசெய்வார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்த பிறகு பிளானைப் பற்றிப் பேசலாம்.

அதற்கும் முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. வீட்டில் யாருக்கு, எதற்கு, எந்த நேரத்தில் நெட் தேவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். முழு எச்.டி. தரத்தில் ஒரு படம் ஓட நொடிக்கு 5 மெகாபிட் போதும்; 4கே தரத்துக்கு 15 வேண்டும். வீடியோ அழைப்புக்குப் பதிவிறக்கத்தை விடப் பதிவேற்ற வேகம் முக்கியம். கண்காணிப்பு கேமரா வைத்திருந்தால் அதுவும் பதிவேற்றத்தைத்தான் தின்னும். நான்கு பேர் உள்ள சாதாரண வீட்டுக்கு 30 முதல் 50 மெகாபிட் வரை நிலையாகக் கிடைத்தால் தாராளம். 200, 300 என்று போகச் சொன்னால், அந்தப் பணத்துக்கு வேறு நல்ல செலவு இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

தேவையிலிருந்து தொடங்கும் இந்த முறை புதுச்சேரிக்குப் புதிதல்ல. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் உதவியோடு, வில்லியனூரை மையமாக வைத்து கிராமத் தகவல் மையங்களை அமைத்தது. என்ன தகவல் வேண்டும் என்று ஊர் மக்களிடம் கேட்டறிந்து அதன்படியே மையங்களை நடத்தினார்கள். விவசாயிகளுக்கு விளைபொருள் விலையும் இடுபொருள் விவரமும், வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலை உயரமும் தேவைப்பட்டன. அன்றைய தொலைபேசிக் கம்பிகளை நம்ப முடியாததால் குரலையும் தரவையும் சுமக்கும் இருவழி வானொலிக் கருவிகளைப் பொருத்தினார்கள். மின்வெட்டைச் சமாளிக்கச் சூரியத் தகடு வைத்தார்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயரக் கணிப்பை வில்லியனூரில் இறக்கி, மீனவ ஊருக்கு அனுப்பி, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். 2001இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தது. எந்தக் கருவி புதியது என்று பார்க்காமல் எந்தக் கருவி அந்த ஊரில் நிற்கும் என்று பார்த்ததில்தான் அந்த வேலையின் பெருமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தாளில் எழுதி முடித்ததும் வீட்டை விட்டு வெளியே வாருங்கள். தெருமுனை வரை, முடிந்தால் பெரிய சாலை வரை, தலையை நிமிர்த்தியபடி நடந்து பாருங்கள். மின்கம்பங்களில் மெல்லிய கறுப்பு கேபிள் போகிறதா, எங்கே சுருள் சுற்றித் தொங்குகிறது, எந்தக் கம்பத்தில் சிறிய பெட்டி இருக்கிறது என்று கவனியுங்கள். அந்தப் பெட்டியிலிருந்துதான் உங்கள் வீட்டுக்கு ஃபைபர் இழுப்பார்கள். அது பி.எஸ்.என்.எல். லைனாக இருக்கலாம், தனியார் கம்பெனியாக இருக்கலாம், ஊர் கேபிள்காரர் ஒருவருடையதாகவும் இருக்கலாம். பி.எஸ்.என்.எல். ஃபைபரையே கிராமங்களில் பெரும்பாலும் உள்ளூர்க் கூட்டாளிகள்தான் நடத்துகிறார்கள். ரயில்டெல்லின் ரயில்வயர் இணைப்பும் அப்படியே. கம்பெனிப் பெயர் ஒன்று, லைனைப் பார்த்துக்கொள்பவர் வேறு ஒருவர். அந்த இன்னொருவரைத்தான் நீங்கள் தேடிப் பேச வேண்டும்.

புதுச்சேரியில் இதற்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. பிரெஞ்சுக்காரர் காலத்து எல்லைகள் இன்றும் அப்படியே இருப்பதால் புதுச்சேரி மாவட்டம் ஒரே துண்டாக இல்லை. கடலூர் சாலையில் தவளக்குப்பம் தாண்டிப் போனால் நடுவில் ரெட்டிச்சாவடி தமிழ்நாடு. அதைக் கடந்தால் மறுபடி கிருமாம்பாக்கம் புதுச்சேரி. தொலைத்தொடர்புக் கணக்கில் இரண்டும் தமிழ்நாடு வட்டம்தான் என்பதால் செல்போனுக்கு இந்த எல்லை தெரியாது. கம்பத்துக்குத் தெரியும். இந்தப் பக்கத்துக் கம்பம் புதுச்சேரி மின்துறையுடையது, அந்தப் பக்கத்துக் கம்பம் தமிழ்நாடு மின்வாரியத்துடையது. உங்கள் லைன் அடுத்த மாநிலத்து ஊரைச் சுற்றி வந்தால், இங்கே கரண்ட் இருக்கும்போதும் அங்கே மின்தடை என்றால், வழியில் மின்சாரத்தை நம்பியிருக்கும் கருவி அணைந்து உங்கள் நெட்டும் போகும். தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கென்று அந்த அரசு ஃபைபர் கொண்டுவரும் திட்டத்திலும் எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள ஊர் சேராது. ஆகவே நெட் லைனைப் பார்த்துக்கொள்ளும் லைன்மேனிடம் நேராகக் கேளுங்கள்: “மெயின் லைன் எங்கேர்ந்து வருது? நடுவுல கரண்ட் போனா பேக்கப் இருக்கா?” தொழில் தெரிந்தவர் தயங்காமல் பதில் சொல்வார்.

புயலையும் இதே நடையில் யோசித்துவிடுங்கள். 2011 டிசம்பர் 30இல் தானே, 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் என்று இந்தக் கரைக்குப் புயல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஃபெஞ்சலின்போது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. கம்பத்தில் தொங்கும் ஃபைபர் கம்பத்தோடு விழும்; மண்ணுக்கடியில் போகும் ஃபைபருக்குக் காற்று பயமில்லை, பொக்லைன் பயம் உண்டு. சென்ற புயலுக்குப் பிறகு யாருடைய லைன் முதலில் வந்தது என்று தெருவில் நான்கு வீட்டில் விசாரியுங்கள். எந்த விளம்பரமும் இந்தத் தகவலைத் தராது.

விசாரிக்கும்போதே இன்னொன்றும் செய்யலாம். ஏற்கெனவே நெட் வைத்திருக்கும் வீட்டில், இரவு எட்டு மணிக்கு மேல் பத்து மணிக்குள், அவர்கள் அனுமதியோடு வேகத்தை அளந்து பாருங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மைஸ்பீட் செயலி இலவசம். ஊரே சீரியலும் கிரிக்கெட்டும் பார்க்கும் நேரத்தில் வரும் எண்தான் உண்மையான எண். காலை பதினொரு மணிக்கு வரும் எண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள். சட்டப்படி பிராட்பேண்ட் என்று பெயர் சொல்லக் குறைந்தபட்ச வேகம் 2023 முதல் வெறும் 2 மெகாபிட்தான். அந்தப் பெயரை வைத்து எதையும் நம்ப முடியாது.

ஃபைபர் உங்கள் தெருவுக்கு வந்தே இல்லையென்றால் அடுத்தது காற்றுவழி. ஏர்டெல் 2023 ஆகஸ்டிலும் ஜியோ அதே ஆண்டு செப்டம்பரிலும் ஏர்ஃபைபரைத் தொடங்கின. மொட்டை மாடியில் ஒரு கருவி, அதிலிருந்து வீட்டுக்குள் ஒரு கேபிள், உள்ளே வைஃபை பெட்டி. இதற்கு டவர் எங்கே என்று முதலில் தெரிய வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் இணையதளத்தில் உங்கள் இடத்தைக் குறித்தால் சுற்றியுள்ள டவர்களும் அவை எந்தக் கம்பெனியுடையவை என்பதும் வரும். பிறகு மாடியேறி அந்தத் திசையைப் பாருங்கள். நடுவில் தென்னந்தோப்போ சவுக்குத் தோப்போ இருந்தால் 5ஜியின் வேகமான அலைவரிசை அங்கேயே பாதி தேய்ந்துவிடும். சவுக்கு வளரும் மரம். இன்று தெரியும் டவர் மூன்று வருடத்தில் மறைந்துபோகலாம். சில ஊர்களில் ஏர்ஃபைபர் என்ற பெயரிலேயே 5ஜி அல்லாத வேறொரு ரேடியோ கருவியைப் பொருத்துகிறார்கள். அதற்கு டவர் கண்ணுக்கு நேராகத் தெரிந்தே ஆக வேண்டும். எது வருகிறது என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஆள் வந்தால் மாடியில் இரண்டு மூன்று இடத்தில் வைத்துப் பார்த்த பிறகே துளை போடச் சொல்லுங்கள்.

செயற்கைக்கோள் இணைப்பைப் பற்றி இப்போது நிறையப் பேச்சு. பழைய வகைச் செயற்கைக்கோள்கள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் பேச்சு போய்த் திரும்பவே அரை நொடிக்கு மேல் ஆகும். ஸ்டார்லிங்க் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் இயங்குவதால் அந்தத் தாமதம் குறைவு. அதற்கு 2025 ஜூனில் இந்திய அரசின் உரிமம் கிடைத்தது. ஆனால் ஃபைபர் வரக்கூடிய சமவெளி ஊருக்கு இது தேவையில்லை என்பதே என் எண்ணம். மலையும் தீவும் அதற்குக் காத்திருக்கட்டும்.

இப்போது விலைக்கு வரலாம். விளம்பரத்தில் உள்ள தொகையோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும்; 499 ரூபாய் பிளான் கையில் 589 ரூபாய். இன்ஸ்டாலேஷன், ரௌட்டர் டெபாசிட், கம்பத்திலிருந்து வீடு தூரம் என்றால் கூடுதல் கேபிள் காசு என்று எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். அன்லிமிடெட் என்ற சொல்லுக்குப் பின்னால் மாத வரம்பு ஒன்று இருக்கும். ஜியோவின் ஃபைபருக்கு அது 3,300 ஜி.பி., ஏர்ஃபைபருக்கு 1,000 ஜி.பி. அளவில் வைக்கப்பட்டது. எச்.டி. வீடியோ மணிக்கு சுமார் 3 ஜி.பி. எடுக்கும் என்று கணக்கிட்டால் 1,000 ஜி.பி. என்பது நாளுக்கு பதினொரு மணி நேரம். வீட்டில் மூன்று திரைகள் தினமும் நான்கு மணி நேரம் ஓடினால் அது தீர்ந்துவிடும். வருடப் பணம் மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்பார்கள். முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டுங்கள், அதுவும் முடிந்தால் மழைக்காலத்தை உள்ளடக்கிய மூன்று மாதம்.

ஃபைபர் மாட்டும் நாளில் வீட்டில் இருங்கள். லைன்மேன் கையில் சிறிய மீட்டர் ஒன்று இருக்கும். ஒளி எவ்வளவு வலுவாக வருகிறது என்பதை அது டி.பி.எம். அளவில், மைனஸ் எண்ணாகக் காட்டும். மைனஸ் 15 முதல் 24 வரை இருந்தால் நிம்மதி. மைனஸ் 27ஐ நெருங்கினால் அந்தப் பெட்டியால் படிக்க முடியாத எல்லையில் ஒளி நிற்கிறது. கொஞ்சம் மழை, கொஞ்சம் வளைவு, உடனே சிவப்பு விளக்கு. தூரம் அதிகம் என்று காரணம் சொன்னால் ஏற்க வேண்டாம். பத்து கிலோமீட்டர் ஃபைபரில் குறையும் ஒளி ஏறக்குறைய 3.5 டெசிபெல்தான், ஒரு லைனை இரண்டாகப் பிரிக்கும் ஒரே ஒரு ஸ்ப்ளிட்டரில் அதே அளவு போய்விடும். பெரும்பாலும் குறை, ஏகப்பட்ட பிரிப்பிலோ சரியாக ஒட்டாத ஜாயிண்டிலோ இருக்கும். அதை மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். அந்த எண்ணைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எப்போது நெட் தடுமாறினாலும் அன்றைய எண்ணோடு ஒப்பிட்டுப் பேச முடியும். கறுப்பு கேபிளில் தாங்கலுக்காக எஃகுக் கம்பி இருக்கும். அதை வீட்டுக்கு வெளியிலேயே கட்டி நிறுத்தி, ஃபைபரை மட்டும் உள்ளே எடுக்கட்டும், இடி மின்னலுக்கு அதுதான் பாதுகாப்பு. ஏர்ஃபைபர் என்றால் மாடிக் கருவியிலிருந்து இறங்குவது செம்புக் கேபிள், ஆகவே இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

வேகத்தில் மிச்சம் பிடித்த பணத்துக்குச் செலவு சொல்கிறேன் என்றேனே, அது ரௌட்டருக்கான மினி யூ.பி.எஸ். ஃபைபர் பெட்டியும் வைஃபையும் சேர்ந்து ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு அளவு மின்சாரம்தான் எடுக்கும். கரண்ட் போன பிறகும் இரண்டு மூன்று மணி நேரம் இது தாங்கும். அதற்குப் பிறகும் மிச்சம் இருந்தால் வீட்டு செல்போன்களில் ஒன்றை வேறு கம்பெனி சிம்மில் வைத்திருங்கள். ஃபைபர் எந்தக் கம்பெனியோ அதே கம்பெனி சிம் வேண்டாம்; இரண்டும் ஒரே வழியில் போனால் இரண்டும் ஒன்றாக விழும்.

இரண்டாவது வழி எவ்வளவு பெரிய காரியம் செய்யும் என்பதற்குப் புதுச்சேரியிலேயே சாட்சி உண்டு. 2004 டிசம்பர் 26 காலையில் நல்லவாடு மீனவ ஊருக்கு, சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து போன் வந்தது, சுனாமி பற்றி. ஊரார் கிராமத் தகவல் மையத்துக்கு ஓடி, அங்கிருந்த ஒலிபெருக்கியில் எல்லாரையும் வெளியேறச் சொன்னார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊரில் உயிர்ச்சேதம் இல்லை. செய்தி ஊருக்குள் வந்தது ஒரு வழியில், ஊர் முழுக்கப் பரவியது இன்னொரு வழியில். வீட்டில் முதியவரோ நோயாளியோ இருந்தால் இந்த இரண்டாவது வழியைத் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாகப் புகார் வழி. நெட் போனால் முதலில் லைன்மேனுக்குப் போன் செய்யுங்கள், வேலை சீக்கிரம் நடக்கும். ஆனால் கஸ்டமர் கேரிலும் பதிந்து டாக்கெட் எண்ணை வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் மேலே எங்கும் போக முடியாது. டிராயின் 2012ஆம் ஆண்டு விதிப்படி, புகார் தீரவில்லையென்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்குக் கட்டணமின்றி எழுதலாம். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இணைப்பு எண், மாட்டிய நாளின் டி.பி.எம். அளவு, லைன்மேன் எண், கஸ்டமர் கேர் எண் நான்கையும் ஒரு தாளில் எழுதி ரௌட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள், வீட்டில் நீங்கள் இல்லாதபோது யார் வேண்டுமானாலும் பார்த்துப் பேசும்படி. புரட்டாசி முடிவதற்குள் கேபிள் மேல் சாயும் முருங்கைக் கிளையையும் தென்னை மட்டையையும் கழித்துவிடுங்கள்.