வாடிய செடியின் குறிப்பறிதல்

திருவண்ணாமலை மாட வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் கொல்லைப்புறம் உண்டு. புதிய வீடுகளில் அதன் இடத்தை மொட்டைமாடி பிடித்துக்கொண்டது. இரண்டிலும் தக்காளி வளர்கிறது. கார்த்திகைத் தீபத்தை ஒட்டிய மழைநாள்களில், காய் பிடித்து நிற்கும் செடி திடீரெனத் தலை தொங்கினால் வீட்டார் முதலில் நீரூற்றுவர்; பின்னர்க் கடையில் கேட்டு ஏதேனும் ஒரு மருந்தைத் தெளிப்பர். பெரும்பாலும் இரண்டுமே பயனற்றவை. மறுநாள் சட்னிக்குப் பறிக்கும் காயில் நஞ்சு படிவதே மிச்சம்.

வாடல் ஒன்றாயினும் காரணம் ஒன்றன்று. இலைகள் பசுமை மாறாமலேயே செடி முழுதும் சில நாள்களில் துவண்டால் பாக்டீரியா வாடல் என ஐயுறலாம். இதனை உறுதிசெய்ய ஆய்வகம் வேண்டியதில்லை. அடித்தண்டை அறுத்து, வெட்டிய முனை கண்ணாடிக் குவளையிலுள்ள தெளிந்த நீரில் தோயுமாறு அசையாமல் பிடித்தால், சில நிமிடங்களில் பால்போன்ற வெண்ணிற இழை கீழிறங்கும். அவ்விழை முழுதும் பாக்டீரியாக்களே. மாறாக, அடியிலைகள் ஒருபக்கமாக மஞ்சளித்து வாடி, தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு தெரியுமாயின் அது ஃபியூசேரியம் என்னும் பூஞ்சையின் வேலை. இரண்டும் மண்வழி வருவன, முற்றியபின் மருந்தில்லை. செடியை வேர்மண்ணோடு அகற்றுவதே வழி. பாக்டீரியா வாடல் கண்ட இடத்தில் கத்தரி, மிளகாய் ஆகியவற்றையும் நடலாகாது. அவை தக்காளியின் சுற்றம். கொல்லையில் தானே முளைக்கும் மணத்தக்காளியும் அச்சுற்றத்தைச் சேர்ந்ததே என்பதைப் பலர் எண்ணுவதில்லை. அங்கே கீரை விதைக்கலாம்.

மாசிக்குப்பின் வெயில் ஏறும்போது வேறொரு பகை வருகிறது. இலைகள் சிறுத்துச் சுருண்டு, செடி குட்டையாகி, பூத்தும் காய்க்காமல் நிற்பது இலைச்சுருட்டை நோய். இதற்குக் காரணமான நச்சுயிரியை வெள்ளை ஈக்கள் செடிக்குச் செடி கொண்டுசேர்க்கின்றன. நச்சுயிரியைக் கொல்லும் மருந்து இல்லாமையால் ஈயைத் தடுப்பதே தற்காப்பு. நாற்றுகளை நெருங்கிய கண்ணுடைய நைலான் வலையால் மூடுதல், மஞ்சள்நிற ஒட்டுப்பொறி தொங்கவிடுதல், லிட்டர் நீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து வடித்த சாற்றை இலையின் அடிப்புறம் படுமாறு தெளித்தல் ஆகியன உதவும். சுருண்ட செடி என்றேனும் காய்க்கும் என்று இரக்கப்பட்டு விட்டுவைத்தால் அண்டைச் செடிகளும் கெடும். பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அர்கா ரக்ஷக் என்னும் வீரிய ஒட்டு இரகம் இலைச்சுருட்டை, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கவல்லது. ஆயினும் அதன் பழத்திலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியின் பண்புகளை அப்படியே தருவதில்லை.

முன்பருவ இலைக்கருகல், அடியிலைகளில் வட்டத்துக்குள் வட்டமாக அமைந்த பழுப்புப் புள்ளிகளால் அறியப்படும். பின்பருவ இலைக்கருகல் குளிரும் ஈரமும் கூடிய இடங்களுக்கு உரியது. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும்பஞ்சத்தை விளைவித்ததும் அந்நோயே. ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். காரணம் வானிலையே எனப் பலர் கருதியிருந்த நிலையில், நுண்ணுயிரே அது என 1861இல் மெய்ப்பித்தவர் ஜெர்மானிய அறிஞர் ஆன்டன் டி பாரி.

இலைப்புள்ளி நோய்கள் பரவ ஈரம் வேண்டும். ஆதலின் பூவாளியால் தலையில் ஊற்றாமல், காலை வேளையில் வேரடியில் மட்டும் நீர்விடுதல் நன்று. மண்ணின்மேல் வைக்கோலோ சருகோ மூடாக்காகப் பரப்பினால் மழைத்துளி சேற்றை இலைமேல் தெறிக்காது. செடியைக் கொம்பு நட்டுக் கட்டி, தரை தொடும் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும்.

காயின் அடிமுனை கருகிக் குழிவது கிருமியால் வருவதன்று. ஒருநாள் வறட்சியும் மறுநாள் வெள்ளமுமாக நீர்விடுவதால் சுண்ணச்சத்து காயைச் சென்றடையாமையே காரணம். மாடித் தொட்டிகளில் இது மிகுதி. அளவாக நாள்தோறும் நீர்விட, அடுத்து வரும் காய்கள் நலமாக இருக்கும்.

வெற்றிலையோடு புகையிலை போடுவோர் கைகழுவாமல் நாற்றைத் தொடலாகாது. பதப்படுத்திய புகையிலையிலும் உயிர்ப்போடிருக்கும் ஒரு நச்சுயிரி, விரல்வழியே தக்காளி இலைக்குச் சென்று, அதில் வெளிறிய திட்டுகளைத் தோற்றுவிக்கும்.