தங்க வேட்டையும் விஞ்ஞான விந்தையும்

குதிரை, கைத்துப்பாக்கி, தங்க வேட்டை இவை நிறைந்த கௌபாய்க் கதைகள் தமிழருக்குப் புதியன அல்ல. 1972-இல் கர்ணன் இயக்கிய 'கங்கா'வில் ஜெய்சங்கர் அவ்வேடமே பூண்டார். இக்கதைகளுள் வேடிக்கையான கிளை ஒன்று உண்டு. நீராவி ரயில் ஓடிய காலத்தில், அன்று எவரும் கண்டிராத இயந்திரங்களைக் கொணர்ந்து நிறுத்துவது அதன் வழக்கம்.

அமெரிக்க டெலிவிஷனில் 1965 செப்டம்பரில் தொடங்கி 1969 வரை 104 பகுதிகளாக வந்த 'தி வைல்டு வைல்டு வெஸ்ட்' இவ்வகையில் புகழ்பெற்றது. கதை நிகழ்வது 1870-களில். அரசின் ஒற்றர்கள் இருவர் தனி ரயிலில் ஊர் ஊராகச் செல்கின்றனர். ஒருவரது சட்டைக் கைக்குள்ளிருந்து துப்பாக்கி வெளிப்படும். மற்றவர் மாறுவேடத்தில் வல்லவர். லவ்லெஸ் என்னும் குள்ள விஞ்ஞானி கதாநாயகனையே மிகச் சிறிய உருவாகச் சுருக்கிவிடுகிறான்!

1993-94-இல் வந்த பிரிஸ்கோ கவுன்டி என்பவனின் சாகசத் தொடரில் வேறொரு விந்தை. விலங்கு பூட்டப்பட்ட சீனத் தொழிலாளர் மண்ணைத் தோண்டும்போது பொன்னிற உருண்டை ஒன்று கிடைக்கிறது. அதன் சக்தியால் விலங்குகள் தெறிக்கின்றன. பின்னர்க் கதை கதாநாயகனுடன் போய்விடுகிறது. தோண்டியவர்கள் பின்தங்கி விடுகின்றனர். இது நமக்குச் சற்று உறுத்துகிறது.

ஏனெனில், இக்கதை கோலார் தங்கவயலில் மெய்யாகவே நடந்தது. அங்கும் லவெல் என்னும் பழைய சிப்பாய் 1870-களிலேயே தங்கம் தேடினார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 1902-இல், நம் நகரங்கள் பெரும்பாலும் எண்ணெய் விளக்கில் இருந்தபோது, 92 மைலுக்கு அப்பாலுள்ள சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்தது.

1965-இல் நிகழ்ந்ததோ கதாசிரியன் எழுதியிருந்தால் நாம் நம்பியிருக்க மாட்டோம். டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுத்தினர். அண்டவெளிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது நியூட்ரினோ என்னும் துகள்கள் பிறக்கின்றன. மற்றத் துகள்களை மேலேயுள்ள பாறை தடுத்துவிடும். நியூட்ரினோ பூமியையே ஊடுருவும். எப்போதோ ஒன்று பாறையில் மோதி வேறொரு துகளைப் பிறப்பிக்கும். அத்துகள் பக்கவாட்டில் வந்தால், மேலிருந்து வந்ததல்ல என்பது உறுதி. அவ்வாறு வந்ததை நியான் குழாய்களின் மின்னல் காட்டிக்கொடுத்தது. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் இத்தகைய சோதனை வெற்றி கண்டது.

அந்த ஆழத்தைத் தோண்டியவர் யார்? பெரும்பாலும் வட ஆற்காட்டுப் பகுதியிலிருந்து வந்த தமிழர். அவர்களுள் தாழ்த்தப்பட்ட வகுப்பினரே மிகுதி. கை பொறுக்காத பாறைச் சூடு, நுரையீரலைத் தின்னும் தூசி, எதிர்பாராது வெடிக்கும் பாறை இவற்றினிடையே அவர்கள் உழைத்தனர். விஞ்ஞான ஏடுகளில் அவர்கள் பெயர் இல்லை.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. இவ்வயலின் பிள்ளைகளுக்கும் ஒரு ரயில் உண்டு. மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் அது, பெங்களூருக்கு வேலை தேடிச் செல்வோரை நிற்க இடமின்றி ஏற்றிச் செல்கிறது.