பழுது பார்த்தல்

‘பழுது பார்த்தல்’ என்பது நல்ல தமிழ்த் தொடர். பழுது நீக்குதல் என்று சொல்லாமல், பார்த்தல் என்று சொன்னார்கள் முன்னோர். முதலிற் பார். பழுது எங்கே இருக்கின்றது, எதனால் வந்தது என்று பார். நீக்குவதா, பொருளையே விடுவதா என்பது அதன் பின். இத்தொடரை முப்பது ஆண்டுகளாக மாணாக்கருக்குக் கற்பித்து வந்த நான், என் வீட்டுக் குளிரூட்டியின் திறத்திலே அதன் பொருளை மறந்து மூன்றாண்டு ஏமாந்தேன்.

இலக்கியப் பக்கத்திலே குளிரூட்டியா என்று அன்பர்கள் முகஞ் சுளிக்க வேண்டா. 1902இல் வில்லிஸ் கரியர் என்னும் பொறியியலாளர் வகுத்த முதற் பொறி மனிதரைக் குளிர்விக்க எழுந்ததன்று. நியூயோர்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்திலே, ஈரக்காற்றினால் தாள் விரிந்து வண்ணங்கள் இடம் விலகின. அதனைத் தடுக்க எழுந்தது அப்பொறி. அச்சகத்தின் பிள்ளையை அச்சேறும் ஏடு ஒதுக்குதல் முறையாகாது.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்தது எங்கள் வீடு. ஒருபுறம் மலைகள் சூழ்ந்த உட்துறைமுகம். மறுபுறம் திறந்த வங்கக் கடல். மேல்காற்றைக் ‘கோடை’ என்பர் நூலோர். ‘கச்சான்’ என்பர் எம்மூரார். மலைநாட்டிலே மழையைச் சொரிந்துவிட்டு வறண்டு வரும் அக்காற்று, வைகாசி பிறந்தால் இரவிலும் சுவரைச் சுட வைக்கும். தந்தையார் வாழ்ந்தது உயர்ந்த ஓட்டுக்கூரையும் அகன்ற விறாந்தையும் உடைய வீடு. நான் கட்டியதோ கொங்கிறீற்றுத் தட்டு வீடு. பகலில் உண்ட வெயிலை அது இரவெல்லாம் உமிழும்.

2010இல் தந்தையார் நோயுற்றுக் கிடந்தபோது, அவர் அறைக்கென்று 12,000 பீ.ரீ.யூ. அளவுள்ள குளிரூட்டி ஒன்று வாங்கினேன். அடுத்த ஆண்டு அவர் காலமானார். அன்றுதொட்டு அவ்வறை அம்மாவுடையது. அம்மாவுக்கு இப்போது வயது 84. இருதய நோயும் உண்டு. கச்சான் இரவிலே அறை குளிராவிட்டால் அவர் உறங்கார். அவர் உறங்காவிட்டால் வீட்டில் எவரும் உறங்கோம்.

மூன்றாண்டுக்கு முன் குளிர் குன்றியது. திருத்த வந்தவர், “காஸ் முடிஞ்சு போச்சு” என்றார், நிரப்பினார், பணம் பெற்றுச் சென்றார். மறு வருடமும் அதே நோய், அதே மருந்து. அதற்கடுத்த வருடமும் அவ்வாறே. நான்காம் முறை வந்தவர் என்னிடம் தமிழ் படித்த பிள்ளை. அவர் வாயுக் கலத்தைக் கையில் எடுக்கவில்லை. சவர்க்கார நுரையை வெளிப்பெட்டியின் குழாய்களிலே தடவிவிட்டு, சற்றுப் பொறுத்து என்னை அழைத்தார். நுரையிலே குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்துகொண்டிருந்தன.

“காஸ் முடியிற சாமான் இல்லை ஐயா. ஒழுகுது,” என்றார்.

எனக்கு வெட்கமாயிற்று. ‘முடிந்தது’ என்னும் வினைமுற்றை மூன்று முறை கேட்டும் நான் ஐயுறவில்லை. விளக்கில் எண்ணெய் முடியும். அஃது எரிந்து போவது. குளிரூட்டியில் உள்ள வாயு எரிவதன்று. மூடிய குழாய்க்குள்ளே அமுக்கியால் நெருக்குண்டு, வெளிப்பெட்டியிலே வெப்பத்தைக் கழித்துத் திரவமாகி, உள்ளே வந்து விரிந்து ஆவியாகி, அறையின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு மீண்டும் வெளியே செல்வது. அது சுற்றுவதன்றிக் குறைவதில்லை. குறைந்தால் எங்கோ ஓட்டை உண்டு என்பதே பொருள். சொல் பிழைத்தது, அதனால் மருந்தும் பிழைத்தது. ஓட்டைப் பானைக்கு மூன்று வருடம் தண்ணீர் வார்த்தேன்.

பானைக்கு வார்த்தது தண்ணீராயினும் பரவாயில்லை. என் பொறியில் இருந்தது ஆர்-22 என்னும் வாயு. குளோரின் கலந்த இத்தகைய சேர்வைகள் ஓசோன் படையைக் கெடுக்கும் என்று 1974இல் மொலினா, ரோலண்ட் என்னும் அறிஞர் இருவர் எச்சரித்தனர். 1985இல் அந்தாட்டிக்காவின் மேல் அப்படை மெலிந்திருப்பது வெளியாயிற்று. 1987இல் மொன்றியல் உடன்படிக்கை எழுந்தது. இலங்கை 1989இல் அதில் இணைந்தது. எம்போன்ற வளர்முக நாடுகள் 2030இல் ஆர்-22 போன்றவற்றைக் கைவிட வேண்டும். பழைய பொறிகளைப் பேணுவதற்கு மட்டும் 2040 வரை சிறிதளவு கிடைக்கும். ஓசோனைக் கெடுப்பதோடு, இவ்வாயு ஒரு கிலோ வெளியேறினால் 1,810 கிலோ காபனீரொட்சைட்டுக்கு ஒப்பாகப் புவியைச் சூடாக்கும். அம்மாவின் அறையைக் குளிர்விக்கப் புறப்பட்ட நான், ஊரைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன்!

ஓட்டை வந்தது எதனால்? அதற்கும் விடை என்னிடமே இருந்தது. வெளிப்பெட்டியை வடகிழக்குச் சுவரிலே பொருத்துவித்தவன் நான். கார்த்திகையிலும் மார்கழியிலும் வாடை கடலுப்பை அள்ளிவந்து அறையும் சுவர் அது. செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் உப்புநீரில் நனைந்தால் ஒரு சிறு மின்கலம்போல் ஆகி, அலுமினியம் அரியும். உப்பு உறைந்து கிடந்தால் செப்புக் குழாயிலும் நாளடைவில் நுண்டுளை விழும். தகடுகள் தொட்டவிடத்தில் மாவாய் உதிர்ந்தன.

இனித் தீர்ப்பு. வயது ஒன்றை மட்டும் கொண்டு பொறியைக் கழித்தல் ஆகாது. வடிகட்டியில் தூசி அடைத்தாலோ, நீர் வடியும் குழாய் அடைபட்டாலோ, கடையில் கப்பாசிற்றர் எனப்படும் மின்கொள்ளளவி கெட்டாலோ, பதினைந்து வயதுப் பொறியையும் திருத்தலாம், செலவு சிறிது. பொறி புதிதாய், ஒரு குழாய் மட்டும் பழுதானாலும் திருத்தலாம். ஆனால் பழுது உடலெங்கும் பரவி, அதனுள் ஓடும் வாயுவும் வழக்கொழியப் போவதாயின், திருத்தல் வீண். அதற்குள் வேறு வாயுவை வார்க்கவும் ஆகாது. இக்காலத்து ஆர்-32 ஓசோனைக் கெடுப்பதன்று. சூடாக்கும் ஆற்றலும் 675 மடங்கே. எனினும் அதன் அழுத்தம் மிகுதி. சிறிது தீப்பற்றும் இயல்பும் உண்டு. அதற்கென அமைந்த பொறியிலேயே அது வாழும்.

இவ்வினா எம் துறைமுகத்துக்குப் புதியதன்று. சீனக்குடாவில் ஆங்கிலேயர் எழுப்பிய எண்ணெய்த் தாங்கிகளுள் ஒன்று, 1942 ஏப்ரல் 9இல் யப்பானியர் தாக்கியபோது எரிந்து அழிந்தது. அதனை யாரும் திருத்தவில்லை. உடல் கெடாது நின்ற ஏனையவற்றுள் 85 தாங்கிகள் பற்றி, 80 ஆண்டுகளின் பின், 2022 சனவரியில் உடன்படிக்கை செய்தனர். காடு மண்டிக் கிடந்தவற்றையும் புதுக்கிப் பயன்கொள்வதே அதன் நோக்கம். வயது அன்று, உடலே அங்கும் வழக்கைத் தீர்த்தது.

எனினும் என் மனம் எளிதில் ஒப்பவில்லை. 2022 ஓகஸ்ட்டில் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏறிய மின்கட்டணம், பின்னர் இடையிடையே இறங்கினும், ஆசிரியர் சம்பளத்தை அரித்தது. புதிய பொறிக்கு மகளின் படிப்புக்கென வைத்த பணத்திலேதான் கைவைக்க வேண்டும். அமுக்கியின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் இன்வேட்டர் பொறி இரவெல்லாம் ஓடும் அறையிலே மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும். அம்மிச்சத்தை மாதந்தோறும் மகள் கணக்கிலே திருப்பி இடுவது என்று முடிவு செய்தோம்.

தடை அம்மாவிடமிருந்து வந்தது. “உன்ர அப்பாவுக்கெண்டு வாங்கினது. திருத்த ஏலாதோ?” என்றார். அவருக்கு ஓசோன் கதை சொல்லிப் பயனில்லை. வெளியே அழைத்துச் சென்று தகட்டைக் காட்டினேன். விரலால் தொட்டார், உதிர்ந்தது. சற்று நேரம் பேசாது நின்றார். “பாவம், அதுவும் கடைசிமட்டும் உழைச்சிருக்கு,” என்று சொல்லி உள்ளே போனார். என்னிலும் நன்றாகப் பழுது பார்த்தவர் அவரே.

பழைய வாயுவைக் காற்றிலே திறந்துவிடாமல் கலத்தில் ஏற்றிக்கொண்டார் என் மாணாக்கர். புதிய வெளிப்பெட்டி இப்போது தென்மேற்குச் சுவரிலே, மாமர நிழலில், வாடைக்கு மறைந்து நிற்கின்றது. மாதம் ஒருமுறை அதனை நன்னீரால் கழுவுகின்றேன். இடத்தை மாற்றாமற் பொறியை மட்டும் மாற்றியிருந்தால், பிழையான கட்டுரையை அழகிய எழுத்திலே மீள எழுதியவனாவேன்.

முதல் இரவு அம்மா என்னை இருமுறை அழைத்தார். பழைய பொறி இரைந்துகொண்டே ஓடும், புதியதில் அரவமில்லை. “இது ஓடுதோ?” என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். மூன்றாம் முறை அவர் அழைக்கவில்லை. கதவோரம் சென்று பார்த்தேன், உறங்கிவிட்டார்.