கால் ஏக்கரில் எத்தனை வாசல்?

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் நடுநிசிக்குப் பிறகு சாலைக்கு வந்தால், சில நாள் லாரியில் வீடு போவதைப் பார்க்கலாம். மரச்சட்டத்தில் பலகை அடித்துக் கட்டிய பழைய வீடுகள் அவை. நடுவில் ரம்பம் வைத்து இரண்டாக அறுத்து, அறுத்த பக்கத்தைத் தார்ப்பாயால் மூடி, விளக்குச் சுழலும் வண்டி முன்னே வழிகாட்ட, போக்குவரத்து ஓய்ந்த நேரத்தில் நகர்த்திக்கொண்டு போவார்கள். வடக்கே ஏதோ ஒரு சிற்றூரில் இரண்டு பாதிகளையும் பொருத்தினால் மறுபடி குடித்தனம் தொடங்கிவிடும். அந்த வீடு காலி செய்த மனையில் ஐந்து, ஆறு வரிசை வீடுகள் எழும். எல்லாவற்றிலும் கீழே கூடமும் சமையலறையும், மேலே படுக்கையறைகள். ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், தனிப் பத்திரம்.

2016 நவம்பருக்கு முன், அந்த மனைகளில் பலவற்றுக்கு இப்படி ஒரு வரைபடத்தைக் கொண்டுபோயிருந்தால் நகராட்சி திருப்பி அனுப்பியிருக்கும். ஒரு மனைக்கு ஒரு வீடு என்பதுதான் சட்டம்.

எந்த நிலத்தில் எது வரலாம், எத்தனை தளம் எழும்பலாம், எல்லைச் சுவரிலிருந்து எத்தனை அடி விட வேண்டும், எத்தனை காருக்கு இடம் வைக்க வேண்டும் என்று ஊரைக் கட்டங்கட்டமாகப் பிரித்து எழுதி வைப்பதுதான் மண்டல விதி. தோல் பதனிடும் ஆலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே இடைவெளி வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் வீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு வகை வீடு வரக்கூடாது என்று அதே விதி சொல்லத் தொடங்கும்போது, அது சத்தமில்லாமல் ஒரு வேலையைச் செய்கிறது: அந்தத் தெருவில் யார் குடியேறலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரு கணக்குக்கு, மனை விலை 12 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரே வீடுதான் கட்டலாம் என்றால் அந்த 12 லட்சமும் ஒரு குடும்பத்தின் தலையில். ஆறு வீடு கட்டலாம் என்றால் தலைக்கு இரண்டு லட்சம். கட்டுமானச் செலவு தனி. மனை விலையும் அதற்குள் கொஞ்சம் ஏறிவிடும் என்பது வாஸ்தவம்தான். ஆனாலும் ஆறால் வகுத்த கணக்கு எடுபடத்தான் செய்கிறது.

நியூசிலாந்துக்காரர்களுக்குக் 'கால் ஏக்கர்' என்பது தலைமுறை தலைமுறையாக வந்த ஆசை. நம் கணக்கில் ஏறத்தாழ நாலரை கிரவுண்ட். நடுவில் வீடு, முன்னால் புல்வெளி, பின்னால் எலுமிச்சை மரமும் துணி காயப்போடும் கொடியும். வைட்டெமட்டா, மனுகாவ் என்ற இரண்டு துறைமுகங்களுக்கு இடையே ஒடுங்கிக் கிடக்கும் ஆக்லாந்தில் இப்போது பதினாறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். நாட்டின் மக்கள்தொகையில் மூன்றில் ஒருவர். எல்லாருக்கும் கால் ஏக்கர் என்றால் ஊர் எங்கே போய் முடியும்? விலை ஏறியது, வாடகை ஏறியது. 2016 குளிர்காலத்தில் காரிலேயே தூங்கும் குடும்பங்களின் செய்தி நாள்தோறும் வந்தது. மாங்கெரே பகுதியில் உள்ள தே புவேயா மராயே என்ற மாவோரி மக்களின் பொதுமனை, வீடற்றவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

அந்த ஆண்டு தீர்வு ஒன்று வந்ததற்குப் பின்னால் ஒரு நிர்வாக மாற்றம் இருக்கிறது. 2010 நவம்பர் வரை ஆக்லாந்து ஒரே ஊராக ஆளப்படவில்லை. ஏழு உள்ளூர் மன்றங்கள், அவற்றுக்கு மேல் ஒரு வட்டார மன்றம். ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் கூட்டம் வேண்டாம், பக்கத்து ஊர் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிடலாம். எட்டையும் கலைத்து ஒரே மன்றமாக்கியபோது அந்தச் சௌகரியம் போயிற்று. முழு நகருக்கும் சேர்த்து ஒரே திட்டம் எழுதியே தீர வேண்டும் என்ற நிலை வந்தது.

2013இல் வரைவு வெளியானது. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் குவிந்தன. நீதிபதி டேவிட் கிர்க்பாட்ரிக் தலைமையில் ஒரு சுதந்திரக் குழு அவற்றை விசாரித்தது. பல தெருக்களில் இன்னும் அடர்த்தியாகக் கட்ட அனுமதிக்கலாம் என்று மன்றத்தின் அதிகாரிகள் குழுவின் முன் வைக்கவிருந்த யோசனை, வீட்டுக்காரர்களைக் கொதிக்கவைத்தது. எங்களைக் கேட்காமல் எங்கள் தெருவை மாற்றுவதா என்றார்கள். நடைமுறையைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. 2016 பிப்ரவரியில் கூடிய சிறப்புக் கூட்டத்தில் அரங்கு நிறைந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள், சொந்த வீடு உள்ளவர்கள். எங்களுக்கும் வீடு வேண்டும் என்று பேச எழுந்த இளைஞர்களைக் கூச்சலிட்டு அடக்கப் பார்த்தார்கள். 13க்கு 8 என்ற வாக்கில் மன்றம் தன் யோசனையைத் திரும்பப் பெற்றது.

கதை அதோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் ஜூலையில் குழு தந்த பரிந்துரை, மன்றம் திரும்பப் பெற்றதையும் தாண்டிப் போயிருந்தது. ஆகஸ்டில் மன்றம் அதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், 'நாங்கள் சொல்லவில்லை, குழு சொன்னது' என்று கைகாட்ட ஓர் இடம் கிடைத்ததும் உறுப்பினர்களுக்கு உதவியிருக்கும்.

நவம்பர் 15 முதல், குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கில் முன்பைவிடக் கூடுதல் வீடு கட்டலாம் என்றானது. குடியிருப்பு நிலத்தின் பெரும்பகுதி நான்கு வகைக்குள் வந்தது: பழையபடி தனிவீடு, இரண்டு தளக் கலப்பு, மூன்று தளக் கலப்பு, ரயில் நிலையங்களுக்கும் கடைத்தெருக்களுக்கும் அருகே ஐந்து தளமும் அதற்கு மேலும். கலப்பு மண்டலங்களில் மனைக்கு இத்தனை வீடு என்ற உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். கட்டடத்தின் உருவத்துக்குத்தான் கட்டுப்பாடு, உள்ளே எத்தனை குடும்பம் என்பதற்கு இல்லை.

அந்த உருவக் கட்டுப்பாட்டில் ஒன்றை மட்டும் சற்றுக் கிட்டத்தில் பார்க்கலாம். இரண்டு தளக் கலப்பு மண்டலத்தில், மனையின் எல்லைக் கோட்டில் இரண்டரை மீட்டர் உயரத்துக்குப் போய், அங்கிருந்து 45 பாகையில் உள்நோக்கிச் சாய்ந்து ஏறும் ஒரு கற்பனைப் பலகையை வைக்க வேண்டும். கட்டடத்தின் எந்த மூலையும் அந்தப் பலகையை முட்டக்கூடாது. பக்கத்து வீட்டு வெயிலைக் காக்க வந்த விதி இது. விளைவு என்னவென்றால், அகலம் குறைந்த மனையில் வீடுகளைத் தெருவைப் பார்க்க நிறுத்த முடியாமல், மனையின் நடுவில் ரயில் பெட்டிகள் மாதிரி பின்னோக்கி அடுக்குகிறார்கள். முதல் வீட்டைத் தவிர மற்றவற்றின் வாசல் எல்லாம் பக்கத்து வேலியைப் பார்த்தபடி இருக்கும். ஆக்லாந்தின் புது வீடுகள் அழகில்லை என்று முகம் சுளிப்பவர்கள் கட்டடக்காரரைத்தான் திட்டுகிறார்கள். பாதிக் குற்றம் அந்தப் பலகையுடையது.

எண்ணிக்கை என்ன ஆயிற்று? 2016இல் சுமார் 10,000 புது வீடுகளுக்கு அனுமதி கிடைத்த நகரில், 2022இல் அது 21,000ஐத் தாண்டியது. அதில் பெரும்பங்கு வரிசை வீடுகளும் அடுக்ககங்களும். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் ரயன் கிரீனவே-மெக்கிரெவி, பீட்டர் ஃபிலிப்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் விதி தளர்ந்த தெருக்களையும் தளராத தெருக்களையும் ஒப்பிட்டார்கள். ஏற்றம் முழுவதும் தளர்ந்த இடத்தில்தான். ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 22,000 வீடுகள் வரை இந்த மாற்றத்தால் கூடுதலாக அனுமதி பெற்றவை என்பது அவர்கள் கணிப்பு. நகரின் மொத்த வீடுகளில் அது நான்கு சதவீதம். விதி மாறாமல் இருந்திருந்தால் போயிருக்கக்கூடிய அளவோடு ஒப்பிட்டால், மூன்று படுக்கையறை வீட்டின் வாடகை ஏறக்குறைய கால் பங்கு குறைவு என்றும் பின்னொரு ஆய்வில் கிரீனவே-மெக்கிரெவி சொன்னார். வாடகை இறங்கியது என்று இதற்குப் பொருளில்லை; ஏற்றம் மெதுவாயிற்று.

இதை எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. கேமரன் முர்ரே, டிம் ஹெல்ம் என்ற இருவர் அந்தக் கணிப்பைக் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். நாடு முழுக்கக் கட்டுமானம் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. 'விதி மாறாவிட்டால் எப்படி இருந்திருக்கும்' என்று வரைந்த கோடே சரியில்லை என்பது அவர்கள் வாதம். 2020இல் மைய வங்கி வட்டியைக் கால் சதவீதத்துக்கு இறக்கியதும் கட்டுமானத்துக்குத் தீனி போட்டது. 2023இல் அது ஐந்தரை சதவீதத்தைத் தொட்டதும் அனுமதிகள் சரிந்தன. இருந்தாலும், 2024இன் மந்தத்திலும் எண்ணிக்கை 14,000 அளவில் நின்றது. 2016இன் அளவுக்குத் திரும்பவில்லை. விதிக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்ல நிறையத் துணிச்சல் வேண்டும்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. பொன்சன்பி, கிரே லின், டெவன்போர்ட் போன்ற பகுதிகளில் நூறாண்டு பழமையான மரவீடுகள் வரிசையாக நிற்கின்றன. நகர மையத்திலிருந்து கூப்பிடு தூரம்; பேருந்தோ படகோ அடிக்கடி உண்டு. 'தனித்தன்மை உள்ள பகுதி' என்ற பாதுகாப்பில் அவற்றில் பெரும்பகுதியைத் தொடாமல் விட்டார்கள். அதனால் புது வீடுகள் பல மையத்தை விட்டு விலகிய, கார் இல்லாமல் நகர முடியாத புறநகர்களில் முளைத்தன. வசதி மிகுந்த இடத்தில் பூட்டு, வசதி குறைந்த இடத்தில் திறப்பு. வீட்டுரிமையாளர்களின் குரல் எங்கே ஓங்கி ஒலித்தது என்பதை வரைபடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இன்னொன்று, இந்த வரிசை வீடுகள் ஆசிரியர், செவிலியர், மின்பணியாளர் போன்றோர் கைக்கு எட்டியிருக்கலாம். காரில் தூங்கியவர்களுக்கு எட்டவில்லை. பெரிய திட்டங்களில் பத்தில் ஒரு பங்கு வீடு குறைந்த விலைக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்ற விதி வரைவில் இருந்தது; இறுதித் திட்டத்தில் அது இல்லை. ஏழைகளுக்கான வேலையை அரசின் வீட்டு நிறுவனமான கைங்கா ஓராதான் செய்ய வேண்டியிருந்தது. விதி தளர்ந்தது அதற்கும் உதவியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அகலமான மனைகளில் கட்டிய அரசு வீடுகளை அகற்றி, மவுன்ட் ரோஸ்கில்லிலும் மாங்கெரேயிலும் அதே நிலத்தில் பல மடங்கு வீடுகள் எழுப்பினார்கள். ரோஸ்கில்லை ஒட்டிய சாண்ட்ரிங்ஹாம் கடைத்தெருவில் இந்திய, இலங்கை மளிகைக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் வரிசையாக உண்டு. புதிதாக வந்திறங்கும் நம்மவர்கள் பலர் முதலில் வீடு தேடுவதும் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான்.

எதிர்ப்பவர்களின் மனக்குறைகளையும் தள்ளிவிட முடியாது. 1990களிலும் அதன் பின்னும் கட்டிய ஆயிரக்கணக்கான வீடுகளில் சுவருக்குள் நீர் புகுந்து மரச்சட்டம் உளுத்துப்போன கதை அந்த நாட்டில் இன்னும் ஆறவில்லை. அவசரமாக எழும் எந்த வரிசை வீட்டைப் பார்த்தாலும் அந்தப் பயம் வருகிறது. பின்கட்டு மரங்கள் வெட்டப்படுகின்றன. கழிவுநீர்க் குழாய்கள் பழையவை. அதற்காகவே கிரே லின்னிலிருந்து மாங்கெரே வரை சுமார் 16 கிலோமீட்டருக்குப் பூமிக்கடியில் ஒரு பெருங்குழாய் தோண்ட வேண்டியிருந்தது.

2021இல் நாடாளுமன்றம் ஒருபடி மேலே போயிற்று. ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் கைகோத்து, பெரிய நகரங்களில் பெரும்பாலான மனைகளில் மூன்று தளத்தில் மூன்று வீடு கட்டத் தனி அனுமதி தேவையில்லை என்று சட்டம் போட்டன. அந்தக் கூட்டணி நிலைக்கவில்லை. 2023 மே மாதத்தில் எதிர்க்கட்சியான நேஷனல் கட்சி ஆதரவை விலக்கிக்கொண்டது. அதற்குச் சில மாதம் முன்பு, ஜனவரி 27 அன்று கொட்டிய மழையில் ஆக்லாந்து மூழ்கி நால்வர் இறந்திருந்தார்கள். எல்லா மனையிலும் மூன்று வீடு என்ற விதிக்கு வெள்ளம் வரும் மனை எது, வராத மனை எது என்று தெரியாது.

2025இல் அந்தப் பொதுவிதியிலிருந்து விலக ஆக்லாந்துக்கு அனுமதி கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. வெள்ள அபாயம் உள்ள இடங்களில் இறுக்கிக்கொள்ளலாம்; பதிலுக்கு ரயில் பாதையோரம் தாராளமாகத் திறக்க வேண்டும். மவுங்காவ்ஹாவ், கிங்ஸ்லேண்ட், மார்னிங்சைட் நிலையங்களைச் சுற்றி நடக்கும் தூரத்தில் குறைந்தது 15 தளம் வரை அனுமதிக்க வேண்டும் என்று அரசு சொன்னது. இத்தனை காலம் தொடாமல் விட்ட மரவீட்டுத் தெருக்கள் சில அந்த வட்டத்துக்குள் வருகின்றன. அந்த ஆண்டு நவம்பரில் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. மனுக்கள் மறுபடி வரத் தொடங்கின.