கோயிலைப் பிரிக்கும் முன் கல்வெட்டைப் படியெடுத்த ஊர்... கொள்ளிடக் கரை திருமழபாடிக்கு ஒரு நாள் பயணம்!

அரியலூர் என்றதும் சிமென்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் லாரிகளும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். சுற்றுலா என்றால் கங்கைகொண்ட சோழபுரம். ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம்.

அதே மாவட்டத்தின் தென்மேற்கில், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது திருமழபாடி. அரியலூரிலிருந்து கீழப்பழுவூர், திருமானூர் வழியாகப் போகலாம். தஞ்சாவூர்க்காரர்களுக்குத் திருவையாறு வழி பக்கம்.

காவிரியில் மிஞ்சிய வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்பதால் கொள்ளிடம் என்பார்கள். ஆண்டில் பல மாதங்கள் வெறும் மணல்தான். மேட்டூரிலிருந்து உபரி நீர் வரும்போது பார்க்க வேண்டும், கரைக்குக் கரை தண்ணீர்!

நந்திக்குக் கல்யாணம்

'நந்தி கல்யாணம் பார்த்தால் முந்தி கல்யாணம்' என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்களே, அந்தக் கல்யாணம் நடப்பது இங்கேதான். பங்குனி மாதம், புனர்பூச நட்சத்திரம். மாப்பிள்ளை நந்தி திருவையாற்றிலிருந்து வருவார். பெண், வியாக்ரபாதரின் மகள் சுயசாம்பிகை. ஐயாறப்பரும் உடன் வருவதால் கூட்டத்துக்குக் கேட்கவே வேண்டாம்.

வைத்தியநாதர் கோயிலை அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடியிருக்கிறார்கள். திருவாலம்பொழிலில் தங்கியிருந்த சுந்தரரின் கனவில் சிவன் வந்து, 'மழபாடியை மறந்துவிட்டாயா?' என்று கேட்டதாகக் கதை. அதன்பிறகு அவர் இங்கே வந்து பாடியதுதான் நமக்கெல்லாம் தெரிந்த 'பொன்னார் மேனியனே' பதிகம்.

ராஜராஜன் போட்ட உத்தரவு

என்னை இந்த ஊருக்கு இழுத்தது இன்னொரு விஷயம். ராஜராஜ சோழன் தன் 28-ம் ஆட்சியாண்டில், அதாவது 1013 வாக்கில், இந்தக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட உத்தரவிட்டார். அதற்கு முன், சுவரில் இருந்த கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னார். அவர் மகன் ராஜேந்திரன் காலத்தில் அவை புதுச் சுவரில் மறுபடி வெட்டப்பட்டன. இத்தனையையும் நமக்குச் சொல்வதே இங்குள்ள ஒரு கல்வெட்டுதான்.

எதற்கு இவ்வளவு மெனக்கெடல்? அந்தக் காலத்தில் கல்வெட்டுதான் பத்திரம். கோயிலில் அணையா விளக்கு ஒன்று எரிய, பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் கொடுப்பார்கள். ஆடுகளை வாங்கியவர் தினமும் நெய் அளக்க வேண்டும். எழுத்து போனால் கணக்கு போச்சு, விளக்கும் போச்சு.

இரண்டாம் உலகப்போரில் தரைமட்டமான வார்சா நகரம் ஞாபகத்துக்கு வருகிறது. போலந்தில் விஸ்துலா ஆற்றங்கரையில் இருக்கும் அந்தப் பழைய நகரத்தை மீண்டும் கட்டியவர்களுக்கு, 18-ம் நூற்றாண்டு ஓவியர் பெலோட்டோ வரைந்த வீதிகள் கைகொடுத்தன. 1980-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் அது இடம்பிடித்தது. அங்கே பழைய படங்கள் உதவின. இங்கே இடிப்பதற்கு முன்பே யோசித்து வைத்திருக்கிறார்கள், அதுவும் ஆயிரம் வருஷத்துக்கு முன்!

1895-ல் கல்வெட்டுத் துறையினர் இந்தச் சுவர்களை மறுபடி படியெடுத்தார்கள், இந்த முறை காகிதத்தில். ஆனால் நம் காலத்தில்தான் எத்தனையோ ஊர்களில் திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சி அடித்து எழுத்துகளைத் தேய்த்துவிட்டார்கள். தடை வருவதற்குள் போனவை போனவைதான். படியெடுக்காத கல்வெட்டு என்றால் திரும்பக் கிடைக்காது. உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி தொடங்கப்போகிறது என்றால், அதற்குள் சுவர்களைப் போட்டோவாவது எடுத்து வைத்துவிடுங்கள், ப்ளீஸ்.

போகும் வழியில்...

பக்கத்து ஊர் கண்டராதித்தம். கண்டராதித்த சோழரின் மனைவியும் ராஜராஜனுக்குப் பெரிய பாட்டியுமான செம்பியன் மாதேவியின் பெயரில் ஒரு பேரேரி இங்கே உண்டு. 'பொன்னியின் செல்வன்' ரசிகர்கள் கீழப்பழுவூரை அடுத்த கீழையூரில் கட்டாயம் இறங்குங்கள். பழுவேட்டரையர்களின் 9-ம் நூற்றாண்டு இரட்டைக் கோயில் அங்கேதான் இருக்கிறது. நான் போனபோது புறாக்களைத் தவிர யாருமில்லை.

மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே திருமழபாடி போய்விடுவது நல்லது. சாப்பாடும் தண்ணீரும் கையோடு இருக்கட்டும். கொள்ளிடத்தில் தண்ணீர் ஓடினால் கரையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் வெளியே தெரியாது.