பொருளியல் படிப்பு: வங்கி வேலைக்கு அப்பால் ஒரு பாதை

திருவனந்தபுரம்: பொருளியல் படித்தால் வங்கி வேலை, இல்லையேல் ஆசிரியர் பணி. நடுத்தரக் குடும்பங்கள் நெடுங்காலமாகப் போட்டு வைத்திருக்கும் கணக்கு இது. இக்கணக்கில் அடங்காத பாதையும் உண்டு என்பதற்குக் கேரளத் தலைநகரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையம் சான்றாக விளங்குகிறது.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, இளம் வயதிலேயே முதல் ஐந்தாண்டுத் திட்ட வரைவில் பங்கேற்றவர் கே.என். ராஜ். தில்லிப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த அவர், 1970-ல் அப்பதவியிலிருந்து விலகினார். அன்றைய முதல்வர் சி. அச்சுத மேனனின் ஆதரவுடன் 1971-ல் இம்மையத்தைத் தொடங்கினார். திட்டமிடுதல் தில்லிக்கு மட்டுமே உரியதன்று, மாநிலங்களுக்கும் சொந்தமாகப் பொருளியல் அறிஞர்கள் வேண்டும் என்பதே இம்முயற்சியின் உட்பொருள்.

1975-ல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் இணைந்து இங்கு எம்.ஃபில். படிப்பு தொடங்கப்பட்டது. இங்கு ஆய்வு செய்த தாமஸ் ஐசக், மாநிலத் திட்டக் குழு உறுப்பினராக 1996-ல் மக்கள் திட்ட இயக்கத்தில் முன்னின்றார். திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்குச் சென்றது அப்போதுதான். பின்னர் இருமுறை நிதியமைச்சரானார். இங்கு பணியாற்றிய ஏ. வைத்தியநாதன் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தார். கூட்டுறவுக் கடன் அமைப்புகளைச் சீரமைக்க 2004-ல் மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை வகித்தார்.

வெளிநாடு சென்ற மலையாளிகள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு வீடு வீடாகச் சென்று விடை தேடியதும் இம்மையமே. கே.சி. சக்கரியாவும் எஸ். இருதயராஜனும் 1998-ல் நடத்திய முதல் கணக்கெடுப்பு, ஏறத்தாழ 13.6 லட்சம் பேர் என மதிப்பிட்டது.

இத்தகைய கணக்குகளின் அருமை நிதிப் பங்கீட்டின்போது புலப்படும். 15-வது நிதி ஆணையம் 1971-க்குப் பதிலாக 2011 மக்கள்தொகையைப் பயன்படுத்தப் பணிக்கப்பட்டபோது, தென்மாநில நிதியமைச்சர்களின் கூட்டம் 2018 ஏப்ரலில் திருவனந்தபுரத்தில் கூடியது. தமிழகம் அதில் பங்கேற்கவில்லை. மக்கள்தொகைக் கட்டுப்பாட்டில் காட்டிய செயல்பாட்டுக்கு ஆணையம் பின்னர் 12.5 சதவீத மதிப்பு அளித்தது. மேடை முழக்கத்தால் மட்டும் வெல்லக்கூடிய வழக்கல்ல இது. வாய்பாடுகளைப் படித்து மறுவாய்பாடு முன்வைக்கத் தெரிந்தவர்கள் மாநிலத்தின் பக்கம் இருக்க வேண்டும்.

வாய்ப்புகளுக்குக் குறைவில்லை. 1961-ல் உருவாக்கப்பட்ட இந்தியப் பொருளாதாரப் பணிக்கு முதுகலைப் பட்டதாரிகளை மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு செய்கிறது. ரிசர்வ் வங்கியின் ஆய்வுத் துறை, மாநிலத் திட்டக் குழுக்கள், கல்லூரிகள் ஆகியனவும் உள்ளன. எனினும், கணிதமும் புள்ளியியலும் கைவந்த மாணவர்களை நிதி நிறுவனங்களும் ஆலோசனை நிறுவனங்களும் கூடுதல் ஊதியம் தந்து அழைத்துக்கொள்கின்றன.

இதற்கிடையே, எம்.ஃபில். பட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் கைவிட்டது. சிறு நகரக் கல்லூரிகளிலிருந்து வருவோர் ஆய்வைப் பழகிக்கொள்ள இருந்த இடைப்படி அது. அப்படி இல்லாத நிலையில், முதுகலை வகுப்பிலேயே கள ஆய்வையும் புள்ளியியலையும் கற்பிக்கும் பொறுப்பு மாநிலப் பல்கலைக்கழகங்களைச் சேர்கிறது. அதைத் தட்டிக்கழிக்கும் மாநிலம், தன் கணக்கைப் பிறர் எழுதித் தரக் காத்திருக்க வேண்டியதுதான்.