சுமைக்குப் பிறந்த தலை

‘நாற்றம்’ என்ற சொல் முன்னாளில் நறுமணத்தையும் குறித்தது. இன்று கெட்ட வாடையையே குறிக்கின்றது. கருவிகளும் இவ்வாறே முதற்பயனை இழப்பதுண்டு.

1932ஆம் ஆண்டில் வெளிவந்த போர்ட் வி8 எஞ்சினில், வெம்புகை சிலிண்டர் கட்டையினூடே சென்று வெளியேறியது. ஆதலின், பாரமேற்றிய லொறிகளில் எஞ்சின் கொதித்தது. இக்குறை நீக்கவே, சோரா ஆர்க்கஸ்-டன்டோவ் என்பார் 1940களின் பிற்பகுதியில் வால்வுகளை மேலே அமைத்துப் புதிய அலுமினியத் தலையொன்றை ஆக்கினார். அவர் பெயரைச் சுருக்கி அதனை ‘ஆர்டன்’ என்றனர். லொறிகளில் அது பரவவில்லை. பந்தயக்காரரே விரும்பிக் கொண்டனர். இன்று கிடைத்தற்கரிய அதனைப் பந்தயக் கருவியென்றே பலர் போற்றுகின்றனர்.

வத்தளை வீதியிற் பாரமிழுக்கும் லொறிகளைக் காணுந்தோறும் நான் எண்ணுவதுண்டு: புகழ் வேகத்துக்குப் போயிற்று, பிறப்போ சுமைக்காக. சொல்லாயினும் கருவியாயினும், மூலத்தை மறந்தால், அதனை வேண்டி நின்ற உழைப்பாளியையும் மறந்தவராவோம்.